எந்த மாத்திரை நல்லது என்று கேட்பதற்கு முன்

போன கார்த்திகையில் மனநல டாக்டரம்மா என் தம்பியின் எடையைப் பார்த்தார், இடுப்பை நாடாவால் அளந்தார், லேப் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "மூணு வழி இருக்கு. இதே மாத்திரையில இருந்துக்கிட்டு எடைக்கு வேற மருந்து சேர்க்கலாம். மாத்திரையையே மாத்தலாம். இல்லைன்னா மாசம் ஒரு ஊசிக்குப் போகலாம். அவசரம் ஒண்ணும் இல்லை. வீட்ல பேசிட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

படியிறங்கும்போது தம்பி நாலாவதாக ஒன்றைச் சேர்த்தான். "நிறுத்திப் பாத்தா என்னக்கா?"

இந்த நாலையும் எடைபோட்டுப் பார்த்த இரண்டு வாரக் கணக்குதான் இது. நான் மருத்துவர் இல்லை. ஒன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் அவனுடைய மாத்திரை டப்பாவில் ஏழு அறைகளையும் நிரப்புகிறவள், அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

அவன் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 31. மனச்சிதைவு நோய் வந்தது 22 வயதில். மூன்று வருஷமாக இரவு ஓலான்சபின் 15 மி.கி. அவனைத் திட்டிக்கொண்டே இருந்த குரல்கள் இப்போது இல்லை. ஒரு பிரஸ்ஸில் டிடிபி வேலைக்குப் போகிறான். ஆனால் 66 கிலோ இருந்தவன் 88 ஆகிவிட்டான். இடுப்பு 104 செ.மீ. வெறும் வயிற்றில் சர்க்கரை 114. எங்கள் அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு.

மனநோய் மாத்திரை என்றதும் எல்லாரும் கேட்கிற கேள்வி, எது பவர் அதிகம், எது நன்றாகக் கேட்கும் என்பதுதான். ஓ.பி. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் சீட்டை எட்டிப் பார்த்துக் கேட்பார். நானும் கேட்டிருக்கிறேன். கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை என்று புரிய எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. க்ளோசபின் ஒன்றைத் தவிர, இந்த மருந்துகள் குரலை அடக்குவதில் ஒன்றுக்கொன்று பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. உடம்பை என்ன செய்கின்றன என்பதில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அமெரிக்காவில் 1,493 நோயாளிகளை வைத்து நடத்திய ஒரு பெரிய ஆய்வு 2005இல் வெளியானது. நாலு புது மருந்துகளோடு பெர்ஃபெனசின் என்ற பழைய மருந்து ஒன்றையும் பந்தயத்தில் விட்டுப் பார்த்தார்கள். பதினெட்டு மாதத்துக்குள் 74 சதவீதம் பேர் தாங்கள் ஆரம்பித்த மருந்தை விட்டுவிட்டார்கள். சிலர் கேட்கவில்லை என்று, சிலர் தாங்கவில்லை என்று, நிறையப் பேர் தாங்களாகவே வேண்டாமென்று. அதிக நாள் தாக்குப்பிடித்தது ஓலான்சபின். அதிலும் 64 சதவீதம் பேர் விட்டார்கள். எடையும் சர்க்கரையும் அதிகம் ஏறியதும் அதே ஓலான்சபினில்தான். ஐம்பதுகளில் வந்த பெர்ஃபெனசின் மற்ற மூன்று புது மருந்துகளுக்குச் சளைக்கவில்லை. இதைப் படித்த அன்று, தம்பி இரண்டு தடவை மாத்திரையைத் தூக்கி எறிந்ததை நினைத்து அவன்மேல் இருந்த கோபம் எனக்குக் கொஞ்சம் ஆறிப்போனது.

சரி, இவை எப்படி வேலை செய்கின்றன? டாக்டரம்மா வரைந்து காட்டிய படத்தை என் பாணியில் சொல்கிறேன். மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் நாலு தெருவில் ஓடுகிறது. முதல் தெரு, சுற்றி நடப்பதில் எது முக்கியம் என்று நமக்குக் காட்டுவது. இரண்டாவது, யோசனையும் முனைப்பும். மூன்றாவது, கைகால் அசைவு. நாலாவது தெருவில் ஓடும் டோபமின், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை அடக்கி வைக்கிறது. மனச்சிதைவில் முதல் தெருவில் ஒலிபெருக்கி அலறுகிறது. எதிர்வீட்டுக்காரர் இருமினால் தனக்குச் சைகை, டீக்கடை டிவியில் செய்தி வாசித்தால் தன்னைப் பற்றி என்று எல்லாமே முக்கியமாகிவிடுகிறது. மாத்திரை போய் டி2 என்ற ஏற்பியில் உட்கார்ந்துகொண்டு டோபமினுக்கு இடம் கொடுக்காமல் செய்கிறது. சத்தம் குறைகிறது.

சிக்கல் என்னவென்றால் நாலு தெருவுக்கும் ஒரே ட்ரான்ஸ்பார்மர். முதல் தெருவில் சத்தம் என்று ஃப்யூசைப் பிடுங்கினால் மற்ற மூன்றும் இருட்டாகும். அசைவுத் தெரு இருண்டால் கை நடுங்கும், உடம்பு விறைக்கும். முனைப்புத் தெரு இருண்டால் ஆள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். நாலாவது இருண்டால் பெண்களுக்கு மாதவிலக்கு நின்று மார்பில் பால் கசியும். டி2 ஏற்பிகளில் சுமார் 65 சதவீதம் அடைபட்டால் குரல் அடங்கத் தொடங்கும்; 80ஐத் தொட்டால் விறைப்பு தொடங்கும். டாக்டர்கள் 2 மி.கி., 1 மி.கி. என்று எட்டு வைத்து நடப்பது இந்தச் சின்ன இடைவெளிக்குள்தான்.

இந்த ரகசியத்தைத் தெரிந்துகொண்டு யாரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை என்பது வேடிக்கை. முதல் மருந்தான க்ளோர்புரோமசின், பிரான்சில் அறுவை சிகிச்சைக்கு உதவும் என்று பயன்படுத்தப்பட்டது. அது ஆளை ஒருவித அமைதியில் வைப்பதைப் பார்த்து 1952இல் பாரிஸ் சான்த் ஆன் மருத்துவமனையில் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கும் இருபது வருஷம் முன்பே, 1931இல், கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் சர்ப்பகந்தா வேர் ரத்தக் கொதிப்பையும் சித்தப்பிரமையையும் தணிக்கிறது என்று எழுதிவிட்டார்கள். அந்த வேரிலிருந்து பிரித்த ரிசர்பினும் கொஞ்ச காலம் மனநல மருத்துவமனைகளில் ஓடியது. அது டோபமினைக் கிடங்கிலிருந்தே காலி செய்கிற ரகம். "மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது" என்று எங்கள் அத்தை சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த வேர்தான் ஞாபகம் வரும். அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் சோர்ந்து சுருண்டுபோனார்கள்.

தம்பி உடம்பில் ஓடிப் பார்த்த மருந்துகளுக்கு வருகிறேன். முதல் தடவை அவன் கட்டுக்கு அடங்காமல் இருந்த ராத்திரி, ஒரு மருத்துவமனையில் ஹாலோபெரிடால் ஊசி போட்டார்கள். ஆள் அடங்கினான். மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது, கண் மேலே செருகியது, நாக்கு வெளியே தள்ளியது. அம்மா பேய் என்றே முடிவு கட்டிவிட்டார். டியூட்டியில் இருந்த நர்ஸ் ஓடிவந்து ப்ரோமெத்தசின் ஊசி போட்டார். அரை மணி நேரத்தில் கழுத்து நேரானது. இளவயது ஆண்களுக்கு இது அதிகம் வரும், மருந்து ஆரம்பித்த முதல் சில நாளில் வரும், உடனே சரிசெய்யலாம். முந்தின நாளே யாராவது இந்த மூன்று வரியைச் சொல்லியிருந்தால் அம்மா அன்று மந்திரித்த கயிறு வாங்கப் போயிருக்க மாட்டார்.

பழைய மருந்துகளில் பயப்பட வேண்டியது அந்தக் கழுத்துத் திருகல் இல்லை. வருஷக்கணக்கில் சாப்பிட்ட பிறகு மெதுவாக வருகிற வாயசைவு. ஊரில் எங்கள் பெரியம்மா ஒருவர் இருந்தார். வெற்றிலை போடாமலே வாய் மென்றுகொண்டே இருக்கும், நாக்கு உள்ளேயும் வெளியேயும் போய்வரும். இருபது வருஷம் நரம்பு மாத்திரை சாப்பிட்டவர் என்று மட்டும் சொல்வார்கள். பழைய மருந்துகளில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இது வரும் என்பது பொதுவான கணக்கு. புதியவற்றில் குறைவு. ஆனால் சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. மருந்தை நிறுத்தினாலும் சிலருக்குப் போகாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கும் டாக்டர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

அடுத்து ரிஸ்பெரிடோன். 4 மி.கி., கூடவே ட்ரைஹெக்ஸிஃபெனிடில். இந்த இரண்டும் ஜோடியாகவே சீட்டில் வரும். பின்னது விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் மாற்று. அது வாயை வறள வைக்கும், மலச்சிக்கல் தரும், ஞாபகத்தை மங்க வைக்கும். அதற்குப் பழகிப்போய் கூடுதலாகக் கேட்பவர்களும் உண்டு. தம்பி ஓலான்சபினுக்கு மாறிய பிறகும் எட்டு மாதம் இந்தத் துணை மாத்திரை பழக்க தோஷத்தில் சீட்டில் தொடர்ந்தது. எதற்கு என்று நானும் கேட்கவில்லை. உங்கள் சீட்டிலும் இருந்தால் "இது இன்னும் வேணுமா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், அதையும் படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

ரிஸ்பெரிடோனில் குரல் நன்றாகவே அடங்கியது. இருந்தும் பதினாலாவது மாதம் அவன் மாத்திரையைத் துப்ப ஆரம்பித்தான். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. சோம்பேறி, திமிர், நோய்ப் புத்தி என்று வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னோம். நோய் திரும்பி, மறுபடி அட்மிட் ஆகி, வேறு டாக்டரிடம் தனியாகப் பேசிய பிறகுதான் காரணம் வெளியே வந்தது. நாலாவது தெரு. புரோலாக்டின் ஏறினால் ஆண்களுக்கு ஆசையும் போகும், இயலாமையும் வரும். இருபத்தைந்து வயதுப் பையன் இதை அக்காவிடம் எப்படிச் சொல்வான்? ரிஸ்பெரிடோன், அதன் தம்பி பாலிபெரிடோன், அமிசல்பிரைட் இந்த மூன்றும் புரோலாக்டினை ஏற்றுவதில் முன்வரிசை. பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போனால் வீட்டில் சந்தேகப்பட்டுக் கேட்கிற கேள்விகளின் வேதனை தனி. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம் இது.

அந்தச் சமயத்தில் நாங்கள் இன்னொரு காரியமும் செய்தோம். மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலந்தோம். நிறைய வீட்டில் நடப்பதுதான், யாரும் வெளியே சொல்வதில்லை. மூன்றாவது வாரம் அவன் கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு நாலு மாதம் அம்மா கையால் பரிமாறிய எதையும் தொடவில்லை. கடையில் பன் வாங்கிச் சாப்பிட்டான். விஷம் வைக்கிறார்கள் என்று குரல் சொன்னதற்கு நாங்களே சாட்சி உண்டாக்கிக் கொடுத்தோம்.

ஓலான்சபின் அவனைக் காப்பாற்றியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. தூக்கம் வந்தது, விறைப்பு இல்லை, பேச்சு வந்தது, வேலைக்குப் போனான். கூடவே பசி வந்தது. அது சாதாரணப் பசி இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அடுக்களையில் விளக்குப் போடாமல் கரண்டி சட்டியைச் சுரண்டும் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் ஆறிப்போன சோற்றில் ரசத்தை ஊற்றி நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருப்பான். "வயிறு நிறைஞ்சிருக்குக்கா, ஆனா போதும்னு தோண மாட்டேங்குது" என்றான் ஒரு நாள். போதும் என்று சொல்லுகிற சமிக்ஞையையே இந்த மருந்து கலைத்துவிடுகிறது. ஹிஸ்டமின், செரடோனின் ஏற்பிகள் சிலவற்றையும் இது அடைப்பதால் வருகிற வினை. நாக்கைக் கட்டுப்படுத்து என்று அவனிடம் நான் கத்திய ராத்திரிகளை இப்போது எண்ணிப் பார்க்க விருப்பமில்லை.

நம் உடம்பு வாகும் இதற்குத் தோதாக அமைந்திருக்கிறது. ஒல்லியாகத் தெரிபவர்களுக்கும் வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வருகிற வம்சம் நாம். அதனால் நமக்கு இடுப்பு எல்லை ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 என்று குறைத்தே வைத்திருக்கிறார்கள். தம்பி அந்தக் கோட்டைத் தாண்டி 14 செ.மீ. போய்விட்டான்.

இனி அந்த நாலு வழி.

முதல் வழி, ஓலான்சபினிலேயே இருந்து மெட்ஃபார்மின் சேர்ப்பது. சர்க்கரைக்காரர்கள் சாப்பிடும் அதே மாத்திரைதான். எடை மேலும் ஏறாமல் பிடிக்கும், சராசரியாகச் சில கிலோ இறக்கவும் செய்யும். ஆனால் ஏறியது 22 கிலோ. எடை ஏற ஆரம்பித்த முதல் மூன்று மாதத்திலேயே சேர்த்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். இந்த வழியின் பலம், குரல் திரும்பாது என்ற நிம்மதி. மூன்று வருஷம் அமைதியாக ஓடும் வண்டியை எதற்கு இன்ஜின் இறக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. அதை லேசாக ஒதுக்க முடியாது. அவர்தான் அந்தப் பழைய ராத்திரிகளை அதிகம் பார்த்தவர்.

இரண்டாவது, அரிப்பிப்ரசோலுக்கு மாறுவது. 2002இல் சந்தைக்கு வந்தது. மற்றவை ஃப்யூசைப் பிடுங்கினால் இது ஸ்டெபிலைசர் வைக்கிறது. டி2 ஏற்பியில் உட்கார்ந்து டோபமினைத் தடுக்கும். ஆனால் தானே கொஞ்சம் டோபமின் போல வேலையும் பார்க்கும். அதிகமாக ஓடும் தெருவில் குறைக்கும், குறைவான தெருவில் கொஞ்சம் வெளிச்சம் விடும். அதனால் எடை அவ்வளவாக ஏறாது, மாறி வருபவர்களுக்கு இறங்கவும் செய்யும், புரோலாக்டின் ஏறாது.

கேட்கும்போது எல்லாம் நல்லதாகத் தெரிகிறது இல்லையா? இதன் பிரச்சினை கால். அகதீசியா என்று டாக்டர்கள் சொல்வார்கள். உட்கார முடியாது, படுக்க முடியாது, உள்ளே ஏதோ பிடித்து ஆட்டுகிற மாதிரி இருக்கும், எழுந்து நடந்துகொண்டே இருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு அது நோய் முற்றிவிட்டது போலவே தெரியும். பயந்து டோசைக் கூட்டச் சொன்னால் நடை இன்னும் கூடும். ஆளைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்: குரல் கேட்கிறதா, காலா? இரண்டும் வேறு வேறு. டோசைக் குறைத்தோ ப்ரோப்ரனலால் கொடுத்தோ இதைத் தணிக்கலாம். தாங்க முடியாத அகதீசியா தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகும் என்பதால் அடுத்த விசிட் வரை காத்திருக்கக் கூடாது. ராத்திரியில் கேட்க ஆளில்லை என்றால் டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 14416 இருக்கிறது.

இன்னொன்றும் டாக்டரம்மா சொன்னார், நான் சிரித்துவிட்டேன். "போன்ல ரம்மி விளையாடுற பழக்கம் இருக்காப்பா?" அரிப்பிப்ரசோல் சிலருக்குச் சூதாட்ட வெறி, கண்மண் தெரியாமல் பொருள் வாங்குவது போன்ற உந்துதல்களைத் தூண்டுகிறது என்று 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது. மருந்தை நிறுத்தினால் போய்விடும். ஆனால் அதற்குள் எவ்வளவு போயிருக்கும் என்பதுதான் கேள்வி. சிரித்ததற்கு வெட்கப்பட்டேன்.

மூன்றாவது, ஊசி. அரசு மருத்துவமனைகளில் ரொம்ப நாளாகப் போடும் ஃப்ளூஃபெனசின், ஹாலோபெரிடால் ஊசிகள் நல்லெண்ணெயில் கரைத்தவை. ஆம், எள்ளிலிருந்து எடுப்பதேதான். எண்ணெயிலிருந்து மருந்து வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ரத்தத்தில் இறங்கும். புதிய பாலிபெரிடோன் ஊசி மாதம் ஒன்று, விலைதான் கையைக் கடிக்கும். ஊசியின் பெரிய நன்மை, வீட்டில் தினமும் "போட்டியா, போட்டியா" என்ற சண்டை நின்றுவிடும். அக்கா மறுபடி அக்காவாகலாம், காவல்காரியாக இருக்க வேண்டாம். ஊசிக்கு வராவிட்டால் அன்றே தெரிந்துவிடும், மாத்திரையைத் துப்பினால் தெரிய மாதக்கணக்காகும். கெடுதல், உள்ளே போனதைத் திருப்பி எடுக்க முடியாது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். அதனால்தான் முதலில் அதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். தம்பிக்கு அது ரிஸ்பெரிடோன் குடும்பம், அவன் ஏற்கெனவே விட்டு ஓடி வந்த வீடு. "ஊசி வேணாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தெளிவாக இருக்கும்போதே தனக்கு எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் எழுதி வைக்கலாம். அவனும் எழுதி வைத்தான். எழுத்துரு தேர்வு செய்ய மட்டும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டான்.

நாலாவது, நிறுத்துவது. இதை அவன் கேட்டபோது பதறாமல் இருக்கக் கஷ்டப்பட்டேன். கேட்கத் தகுந்த கேள்விதான். 2012இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கும், மருந்தில்லாத வெறும் மாத்திரைக்கு மாறியவர்களில் 64 சதவீதம் பேருக்கும் ஒரு வருஷத்துக்குள் நோய் திரும்பியது. இரண்டு எண்ணையும் காலண்டர் தாளின் பின்னால் எழுதி அவன் முன்னால் வைத்தேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப மூணுல ஒருத்தனுக்கு மேல நிறுத்தியும் நல்லா இருக்கான்ல" என்றான். கணக்கு சரிதான். "அந்த ஒருத்தன் நீதான்னு எப்படிடா தெரியும்?" என்றேன். "உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றான். ஏற்கெனவே இரண்டு தடவை நோய் திரும்பியவன் என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனே தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

இந்தப் பட்டியலில் க்வெட்டியாபினைச் சேர்க்கவில்லை. 25 மி.கி.யில் தூக்க மாத்திரை போலக் கொடுக்கிறார்களே, அதே மருந்துதான். ஆனால் மனச்சிதைவுக்கு வேண்டியது நானூறு, அறுநூறு. அந்த அளவில் பகலெல்லாம் தூக்கமும் எடையும் இதிலும் உண்டு. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சனோமெலின்–ட்ரோஸ்பியம் டி2 பக்கமே போகாமல் வேறு வாசல் வழியாக வேலை செய்வது. இத்தனை வருஷத்தில் பாதையை மாற்றிய முதல் மருந்து. எங்கள் டாக்டரம்மாவின் மூன்று வழிகளில் அது இல்லை.

க்ளோசபினைச் சொல்லாமல் போக முடியாது. தம்பிக்கு அது தேவைப்படவில்லை, ஓ.பி. பெஞ்சில் பழக்கமான ஓர் அம்மாவின் மகனுக்குத் தேவைப்பட்டது. இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், சரியான காலம் கொடுத்தும் கேட்காதவர்களுக்கு அதுதான் மருந்து. மற்ற மருந்துகளுக்கு மசியாதவர்களை வைத்து 1988இல் வந்த ஆய்வில் க்ளோசபினில் 30 சதவீதம் பேர் தேறினார்கள், க்ளோர்புரோமசினில் 4 சதவீதம். தற்கொலையைக் குறைப்பதற்கென்று தனியாக அனுமதி பெற்றதும் இதுதான். அப்புறம் ஏன் எல்லாரும் பயப்படுகிறார்கள்? 1975இல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்ட சிலருக்கு வெள்ளை அணுக்கள் அற்றுப்போய்த் தொற்றில் இறந்தார்கள். பல நாடுகளில் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வரும் என்றாலும், முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுத்துப் பார்ப்பது அதனால்தான். காய்ச்சல், தொண்டை வலி என்றால் அன்றே ரத்தப் பரிசோதனை.

ரத்தத்தைக் கண்டு பயந்து மலச்சிக்கலைக் கோட்டை விடுவார்கள். க்ளோசபினில் குடல் அசைவு நின்றுபோய் உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த அம்மா தினமும் காலையில் மகனிடம் கேட்கிற முதல் கேள்வி "போச்சாப்பா?" என்பதுதான். ராத்திரி எச்சில் வழியும். தலையணைமேல் இரண்டு துண்டு போட்டு வைப்பார். இரண்டு நாள் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவில் தொடரக் கூடாது, 12.5 மி.கி.யிலிருந்து மறுபடி ஏற வேண்டும். அப்புறம் பீடி. புகையிலைப் புகை க்ளோசபினையும் ஓலான்சபினையும் கல்லீரலில் வேகமாகக் கரைத்துவிடும். பீடி குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் ரத்தத்தில் மருந்து அளவு எகிறி ஆள் மயங்கிக் கிடப்பார். புகையை நிறுத்துவது நல்லதுதான், டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். அவர் மகனுக்குப் பதினோரு வருஷம் கழித்துத்தான் க்ளோசபின் ஆரம்பித்தார்கள். "முன்னாடியே கொடுத்திருந்தா கல்யாணம் பண்ணி வச்சிருப்பேன்" என்று அந்த அம்மா சொன்னபோது பெஞ்சில் யாரும் பேசவில்லை.

எந்த மருந்தானாலும் ஒரு விஷயம் பொது: கடும் காய்ச்சலோடு உடம்பு மரக்கட்டையாக விறைத்து ஆள் குழம்பினால் அது வைரஸ் காய்ச்சல் என்று காத்திருக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரி, கையில் மாத்திரை அட்டையோடு.

இரண்டு வாரம் முடிந்து போனபோது தம்பியே பேசினான். அரிப்பிப்ரசோல். அம்மாவுக்காக மெட்ஃபார்மினும். டாக்டரம்மா ஓலான்சபினை ஒரே நாளில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தூக்கம் போய் ஆள் தடுமாறுவான். காலையில் 5 மி.கி. அரிப்பிப்ரசோல் தொடங்கி, அது ரத்தத்தில் நிலைபெற இரண்டு வாரம் கொடுத்து, அப்புறம் ஓலான்சபினை 15, 10, 5 என்று இறக்கினார். மூன்றாவது வாரம் கால் வந்தது. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடை. "குரலாடா, காலாடா?" என்று கேட்டேன். "கால்தான்க்கா, குரல் இருந்தா உக்காந்தில்ல கேப்பேன்" என்றான். ப்ரோப்ரனலால் சேர்ந்தது. பத்து நாளில் நடை குறைந்தது.

இப்போது ஆறாவது மாதம். 88 இப்போது 81. சர்க்கரை 102. ராத்திரி அடுக்களையில் சத்தம் இல்லை. போன வாரம் பஸ்ஸில் வரும்போது பின் சீட்டிலிருந்து யாரோ தன் பெயரைச் சொன்ன மாதிரி ஒரே ஒரு தடவை கேட்டதாம். திரும்பிப் பார்த்தால் பின் சீட்டில் ஆளே இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே என்னிடம் சொன்னான். மறுநாள் டாக்டரம்மா அரிப்பிப்ரசோலை 10 மி.கி.யிலிருந்து 15 ஆக்கினார். ஓலான்சபின் 5 மி.கி. அட்டை ஒன்று பாதி தீர்ந்து பிரிட்ஜ்மேல் டப்பாவில் கிடக்கிறது. தூக்கிப் போடட்டுமா என்று கேட்டால், "இருக்கட்டும்க்கா" என்கிறான்.